கிறிப்பில் கிடக்கட்டும்

"வந்த ஊட்டுல குந்தி இரிந்துகொண்டு கள்ளனப் புடிச்ச மாதிரியா சப்ரி கதைக்கிற?" என்று றிபாத் மேசையில் தட்டினான். கோப்பை துள்ளித் தேநீர் தட்டில் சிந்தியது.

"கள்ளன் எண்டு நான் செல்லல்ல. ஆனா கிறிப்பில விழுந்த பேரச் சும்மா எடுக்கேலாது. பாதிய ஒரேயடியாக் கட்டுங்க. மிச்சத்தத் தள்ளி, பேர அழிச்சித் தாறன். ஏலாதெண்டா கிடந்து நாறட்டும். எனக்கென்ன?"

சப்ரி கல்முனையில் வாகனங்களைத் தவணைக்குக் கொடுக்கும் ஒரு லீசிங் கொம்பனிக்குக் கடன் வசூலிப்பவன். அவனும் சாய்ந்தமருதுக்காரன்தான். அதனால் எந்த வீட்டில் எப்போது ஆட்கள் இருப்பார்கள், யாரைப் பேசினால் யாருக்கு வலிக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

நாறட்டும் என்று அவன் சொன்ன பெயருக்கு உரியவள் சிபானா. றிபாத்தின் தங்கை. குசினி வாசலில், திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கிறிப் என்ற கடன் பதிவில் அவள் பெயர் எப்படி விழுந்தது என்பதை விளக்க, இந்தக் கிழக்குக் கரையின் வழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இங்கே மணமுடிப்பவன் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவான். வீட்டைப் பெண் வீட்டார் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டின் உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் எழுதப்படும். கட்டுகிறவர்கள் கடனில் மூழ்கினாலும், அந்த உறுதியில் பெண்ணுக்கு ஒரு காவல் உண்டு. குடும்பம் முறிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது ஆண்தான். பிறகு மாப்பிள்ளை வீட்டார் வீட்டோடு வாகனமும் கேட்கத் தொடங்கினார்கள். வசதியில்லாதவர்கள் வாகனத்தை லீசிங்கில் எடுத்தார்கள். சீதனம் பெண்ணின் பெயரில்தானே என்று அந்த லீசிங்கையும் பெண்ணின் பெயரிலேயே எழுதினார்கள். உறுதியில் பெண்ணுக்குச் சொத்து வருகிறது. லீசிங்கில் கடன் வருகிறது. இரண்டிலும் பிஸ்மி சொல்லித்தான் கையொப்பம் வைக்கிறார்கள்.

சிபானாவும் அப்படித்தான் வைத்தாள். ஆட்டோவை ஓட்டியவன் அவள் கணவன் ஹாதிக். தவணையை அவன் கட்டவில்லை. தலாக் சொல்லி அக்கரைப்பற்றுக்குப் போனபோதும் அந்த ஆட்டோவிலேயே போனான். கொம்பனி அங்கே வைத்து அதைப் பறித்து ஏலத்தில் விற்றது. கடன் மட்டும் சிபானாவோடு தங்கிவிட்டது. இப்போது அவள் அபாயா தைத்து விற்கிறாள். ஓவர்லொக் மெசின் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த பெண் கணினித் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

இதுவரை அவளுடைய தவணைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காத அண்ணன் றிபாத் காக்கா, இன்று தானாகவே வசூல்காரனைக் கூப்பிட்டுப் பேரம் பேசுகிறான். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. திரையை விலக்கி வெளியே வந்தாள்.

"நீ உள்ளுக்குப் போ. ஆம்புளயள் கதைக்கிற இடம்" என்றான் றிபாத்.

"எண்ட பேரத்தானே காக்கா கதைக்கிறீங்க? நானும் கேக்கன். சப்ரி, அழிக்கிறெண்டு செல்றீங்களே, உங்களால அழிக்கேலுமா?"

"ஏலாமலா வந்திரிக்கன்?"

"ஏலாது. பேங்கில கேட்டு எண்ட அறிக்கைய நானே எடுத்துப் பாத்திட்டன்."

அவள் சொன்னது சரிதான். கிறிப் என்று ஊர் சொல்வது கொழும்பில் இருக்கும் கடன் தகவல் பணியகத்தை. அது யாரையும் நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பதில்லை. கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விவரத்தை வைத்திருந்து, அடுத்துக் கடன் கொடுக்கப் போகிறவர்களுக்குக் காட்டும். அவ்வளவுதான். வசூல்காரனால் அதில் ஒரு எழுத்தையும் தொட முடியாது. பாதியைக் கட்டி மீதியைத் தள்ளினால், தள்ளிக் கொடுத்த கதையும் பதிவில் ஏறும். அதைப் பார்க்கும் அடுத்த வங்கி முகம் சுளிக்கும். ஆனால் பதிவே பிழையென்றால் வழி வேறு. அனுப்பிய கொம்பனி பிழையை ஒத்துக்கொண்டு திருத்தி அனுப்ப வேண்டும்.

"எனக்குத் தள்ளுபடி வேணாம், திருத்தம்தான் வேணும்" என்றாள் சிபானா. "ஆட்டோவ ஏலத்தில வித்தீங்களே, அந்தக் காசு எங்க? அறிக்கையில முழுக் கடனும் அப்படியே நிக்குது. வித்த காசக் கழிச்சா மிச்சம் என்ன இரிக்கி?"

"வாய் பெரிசுதான். இந்த வாயாலதான் மாப்புள்ளயும் நிக்கல்ல போல."

"மாப்புள்ளயப் பறிச்சு விக்க உங்களுக்கு ஏலாமப் போச்சு. ஆட்டோவ வித்தீங்க. அதுக்குக் கணக்குச் செல்லுங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கடைசித் தங்கை றுஸ்தா. "சத்தம் போடாத புள்ள" என்று உம்மா முனவ்வறா அதட்டுவதும் கேட்டது.

சப்ரி முற்றத்துக்குப் போய்க் கொம்பனிக் கிளையோடு நெடுநேரம் தொலைபேசியில் கதைத்தான். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"வித்த காசு வேற ஆள்ட கணக்கில ஏறியிரிக்காம். அதக் கழிச்சா உங்களுக்குக் கடன் ஒண்டும் இல்ல. பிழை எங்கிட பக்கம்தான். இந்தக் கோரிக்கையில கையொப்பம் வெச்சாப் போதும், திருத்தி அனுப்புவாங்க. பேர் கிளீன்."

சிபானாவின் கண்ணுக்குள் ஓவர்லொக் மெசின் வந்து நின்றது. பேனையை எடுத்தாள்.

சப்ரி றிபாத்தின் பக்கம் திரும்பினான். "அப்ப காருட வேல லேசு. மாப்புள்ள ஊட்டாக்களுக்குச் செல்லுங்க. கலியாணத்துக்கு முன்ன எடுத்திரலாம். தையல் வருமானம் காட்டேலும். இவட பேருல கொம்பனி கண்ண மூடிக்கொண்டு குடுக்கும்."

பேனை நின்றது.

"யாருட கலியாணத்துக்குக் கார்?" என்றாள் சிபானா.

றிபாத் கூரையைப் பார்த்தான். உள்ளேயிருந்து வந்த உம்மாதான் பதில் சொன்னாள். "றுஸ்தாட மாப்புள்ள ஊட்டுல கார் கேக்காங்க மகள். காக்காட பேரும் கிறிப்பில கிடக்கு. எனக்கு வயசு கூடவாம். உன்னய விட்டா யாரு இரிக்கா? ஒரு கையொப்பம்தானே?" முனவ்வறா முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினாள்.

சிபானா பேனையை மூடிவைத்து, தாளைச் சப்ரியின் பக்கம் தள்ளினாள்.

"இப்ப வெக்கமாட்டன். எண்ட பேர் கிறிப்பிலயே கிடக்கட்டும். றுஸ்தாட கலியாணம் முடிஞ்ச மறுகா நானே கிளைக்கு வாறன்."

"உனக்கென்ன பைத்தியமா?" றிபாத் எழுந்துவிட்டான். "மெசின் வேணுமெண்டு அழுதவள் நீதானே?"

"ஓம் காக்கா, இப்பயும் வேணும். ஆனா எனக்கு என்னயத் தெரியும். உம்மா அழுதா நான் கையொப்பம் வெச்சிருவன். ஆட்டோக்கும் அப்பிடித்தான் வெச்ச. பேர் இப்பிடிக் கிடந்தா, நானே கேட்டாலும் ஒருத்தனும் தரமாட்டான்."

சப்ரி தாளை மடித்தான். "பேர எடுங்க எண்டு கெஞ்சின ஆக்களத்தான் இவ்வளவு நாளும் பாத்த. கிடக்கட்டும் எண்டு செல்ற ஆள இண்டைக்குத்தான் பாக்கன்." பிறகு றிபாத்திடம் குனிந்தான். "விடுங்க. கலியாணப் பொண்ணுட பேருலயே போடுவம். பதினெட்டு முடிஞ்ச புள்ளதானே? புதுப் பேர், ஒரு கறையும் இல்ல. வருமானத்துக்குக் கடிதம் ஒண்டு நான் எடுத்துத் தாறன்."

முனவ்வறாவின் அழுகை நின்றது. றிபாத் யோசிக்கிறவன்போல மெல்ல உட்கார்ந்தான்.

திரை மறுபடியும் விலகியது. றுஸ்தா வந்து தன் றாத்தா சிபானாவின் பக்கத்தில் நின்றாள். தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சப்ரியை நேராகப் பார்த்தாள்.

"சப்ரி நானா, ஒரு விசயம் கேக்கட்டா?"

"கேளுங்க தங்கச்சி."

"எண்ட பேரயும் கிறிப்பில போடுறதுக்கு என்ன செய்யணும்?"