சுக்கானும் இரண்டு அலைகளும்

முதல் பீங்கானைப் பார்த்ததும் அஸீஸா படுக்கையிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதக் கரைச்சுக் குடிச்சா வயித்துக்குள்ள உப்பு மூட்டதான் எறங்கும்."

அவள் புருஷன் பதியுதீனுக்குக் கோபம் வரவில்லை. வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைசலால் இறைவனின் பெயரை எழுதி, பன்னீர் விட்டுக் கழுவி, நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது பள்ளிவாசல் லெப்பையின் வேலை. கற்பிட்டிக்குப் போன லெப்பையோ, களப்பில் காற்று எழும்பி அங்கேயே மாட்டிக்கொண்டார். அதனால் இவனே எழுதினான். கலியாணத்துக்கு முன்பு பதியுதீனுக்கும் அழகாக எழுதுகிறவன் என்று ஊரில் பேர் இருந்தது. பிறகு துரையின் உப்புக் கிட்டங்கியில் சாக்குகளின் மேல் தகர அச்சை வைத்து மை அடிக்கும் உத்தியோகம் கிடைத்தது. சாக்குகள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கை எழுத்தை மறந்துபோனதை அவனும் கவனிக்கவில்லை.

மகள் ஹிதாயா பீங்கானைக் கழுவி, உம்மாவின் வாயில் கரண்டியால் விட்டாள். பாதி கடைவாயால் வழிந்தது. காலையில் வந்த அப்போதிக்கரி வைத்தியர், மருந்து எதுவும் எழுதாமலே சைக்கிளைத் திருப்பியிருந்தார்.

"இன்னொண்டு எழுதுங்க வாப்பா. கெதியா."

பதியுதீன் குசினி அடுப்பருகே போய் உட்கார்ந்தான். 'யா ஷாபி.' குணமளிப்பவனே. அலிப் எழுத்தை இழுக்கும்போது நாணல் பேனா சறுக்கியது. துடைக்க நேரமில்லை என்று அந்தச் சறுக்கலை அதன் போக்கில் வளையவிட்டான். காற்றுப் பிடித்த பாய்மரம்போல அது நின்றது. அட, என்று நினைத்தான். கடைசி 'யே'யின் வயிற்றை அகட்டி இழுத்தான், வள்ளம் வந்தது. அதன் புள்ளிகள் கீழே இரண்டு மீன்களாயின. ஷீனின் மூன்று புள்ளிகள் மேலே பறவைகளாகிப் பறந்தன. இத்தனை வருஷம் இந்தக் கை எங்கே போயிருந்தது?

"சிரிக்கிறீங்க வாப்பா," என்றாள் வாசலில் நின்ற ஹிதாயா.

அவன் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு பீங்கானைத் தூக்கினான்.

அஸீஸா இந்தமுறை நெடுநேரம் பார்த்தாள்.

"கை இரிக்கிதான்," என்றாள். "நான் நெனச்சன், சாக்குக்குள்ள போட்டுத் தச்சிட்டீங்களெண்டு."

"கழுவித் தாறன், குடி."

"பொறுங்க. சுக்கான் எங்க?"

"முதல்ல குடிங்க உம்மா," என்றாள் ஹிதாயா.

"சுக்கானில்லாம வள்ளம் எங்க போற? போட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போகல்ல."

பேனா குசினியில் இருந்தது. சுக்கான் ஒரே கோடு, போட்டுவிட்டான். பார்த்தால் அடியில் தண்ணீர் இல்லை. ஓர் அலை போட்டான். அது தனியாக நின்றது, இன்னொன்று போட்டான். அதன் நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கையில் ஹிதாயா உம்மாவின் காதில் கலிமாச் சொல்வது கேட்டது. குரல் உயர்ந்தது. பிறகு நின்றுபோனது.

"உம்மா கேட்டதுக்குத்தானே போனீங்க," என்றாள் ஹிதாயா பிறகு, அவன் தோளைத் தொட்டு.

அஸீஸா சுக்கானை மட்டுமே கேட்டாள் என்பதை அவன் சொல்லவில்லை.

மையித்தைக் குளிப்பாட்ட வந்த அவன் தங்கை கமறியா, கற்பூரம் கரைக்கப் பீங்கான் தேடிக் குசினிக்கு வந்தாள். கையை நீட்டியவள் எழுத்தைக் கண்டு இழுத்துக்கொண்டாள்.

"நானா, இது…"

"நான் கழுவித் தாறன்."

பன்னீரை ஊற்றி விரலால் தேய்த்தான். அலைகள் உடனே கரைந்தன. அழுந்த எழுதியிருந்த வள்ளத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இறைவனின் பெயர் கரைந்த தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாது. தூக்கிக் குடித்தான். லேசாகக் கசந்தது. கமறியா வெறும் பீங்கானை வாங்கிக்கொண்டு போனாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் மணல்.

"தோள் மாத்தட்டா மச்சான்?" என்றான் பின்னால் வந்த அஸீஸாவின் தம்பி ஜபார்.

"வேணாம்."

சந்தூக்கின் மரத்தைப் பிடித்திருந்த கையில், ஆட்காட்டி விரல் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. பதியுதீன் அதை மற்ற விரல்களுக்குள் மடக்கினான். கொஞ்ச தூரம் போனதும் அது மறுபடி வெளியே வந்து, மரத்தின் மேல் மெதுவாக வளைந்தது.