பாதர் வந்து நின்றார்

சிகரெட்டை விடாவிட்டால் நெஞ்சு தாங்காது என்றார் டொக்டர். ஆசை வரும்போதெல்லாம், எவர் முன்னால் புகைக்க வெட்கமோ அவரை மனதில் நிறுத்தச் சொன்னார். ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைப் பங்குப் பாதரை நிறுத்தினான். பாதர் கூப்பிட்ட இடமெல்லாம் வந்தார். பஸ்ஸிலும், வேலை செய்யும் துறைமுகக் கந்தோரிலும், கக்கூஸிலும்கூட. பழக்கம் நின்றது.

ஞாயிறு பூசையில் நிஜப் பாதர் பிரசங்கத்துக்கு எழுந்ததும் ஒஸ்வால்டுக்குப் புகைக்க வேண்டும்போல் நாக்கு ஊறியது. வெளியே ஓடிப்போய் ஒன்று வாங்கிப் பற்றவைத்தான்.

பூசை முடிந்து வந்த பாதர் அவனை வாசலில் பிடித்தார்.

"என்ன ஒஸ்வால்ட், பிரசங்கம் அவ்வளவு மோசமோ?"

"இல்லை பாதர். இப்ப உங்களைக் கண்டாத்தான் பத்தவேணும்போல கிடக்கு." நடந்ததையெல்லாம் சொன்னான்.

பாதர் யோசித்தார்.

"அப்ப இனிக் கொச்சிக்கடைக் கோயில் பூசைக்குப் போம். அங்கத்தைய பாதரை மட்டும் நினைச்சுப்போடாதையும்."