பஞ்சு குதிக்கவில்லை

"மேல குழந்தை இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. பஞ்சு மாதிரில்ல நடக்குது!" என்று வீட்டுக்கார அம்மா சொன்ன அன்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போதே நாலு வயது மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். அதிலிருந்து குழந்தைக்குப் பஞ்சு என்றே பேராகிவிட்டது. பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவள் அப்படித்தான் நினைத்தாள், பாவி.

இந்தப் பேர் சும்மா வரவில்லை. இதற்கு முன் இரண்டு வீடுகளைக் காலி செய்தாயிற்று. இரண்டு இடத்திலும் ஒரே புகார்: குழந்தை ஓடுகிறது, தொம் தொம்மென்று குதிக்கிறது. கணவன் ஓட்டுகிற சரக்கு வண்டியிலேயே சட்டி பானைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவையும் கிளம்பினார்கள். மூன்றாவதாகக் கிடைத்தது இந்த மாடி அறை. கீழே வீட்டுக்காரருக்கு ஆலையில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம்.

அவளுக்கோ வீட்டோடு வேலை. தைத்து வருகிற சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்க வேண்டும். அறையில் பாதி சட்டைகள். மீதியில் அடுப்பு, பாய், மனிதர்கள். அதற்குள் ஒரு வாண்டை எப்படி உட்கார வைப்பது? ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். யார் சத்தமில்லாமல் நடக்கிறார்கள்? யார் சத்தமில்லாமல் டம்ளரை வைக்கிறார்கள்? ஜெயித்தால் முத்தம். தோற்றால் தொடையில் ஒரு கிள்ளு, கூடவே, "உன்னாலதான்டி ரெண்டு வீட்ட விட்டு தொரத்துனாங்க." ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஆறே மாதத்தில் பஞ்சு தோற்பதே இல்லை.

தெருமுனை மழலையர் பள்ளியில் சேர்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. விளையாட்டு டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். சேட்டை செய்கிற பிள்ளைகளின் அம்மாக்களைத்தானே கூப்பிடுவார்கள் என்று யோசித்தபடி போனாள்.

"ஒண்ணும் பேசாம பாருங்க" என்று டீச்சர் அவளை ஜன்னலோரம் நிறுத்தினாள்.

கூடத்துத் தரையில் சாக்கட்டியால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். டீச்சர் கை தட்டத் தட்டப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் வட்டம் விட்டு வட்டம் குதித்தன. கூச்சல் காதைப் பிளந்தது. பஞ்சுவின் முறை வந்தது. அவள் ஒரு காலை மெல்ல எடுத்து அடுத்த வட்டத்தில் நுனிவிரலை ஊன்றி, பிறகு குதிகாலை இறக்கி, அதன் பின் மறு காலை எடுத்தாள். பின்னால் நின்றவன் பொறுமையில்லாமல் தள்ளிவிட்டான். பஞ்சு விழுந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. வாய் அகலமாகத் திறந்தது, கண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவே இல்லை.

டீச்சர் காயத்தைத் துடைத்துவிட்டு ஜன்னலருகே வந்தாள்.

"ஸ்கூலுக்கு வர்ற டாக்டரும் பாத்துட்டாரு. காலுல ஒரு குறையும் இல்ல" என்றாள் டீச்சர். "கையில இருக்கிற பொம்மைய பிடுங்குனா குடுத்துட்டு ஒதுங்கிடுறா. யாராவது சத்தமா சிரிச்சா கிட்டப்போய் வாயப் பொத்துறா. அதனால ஒருத்தரும் இவள ஆட்டத்துக்குச் சேத்துக்கிறதில்ல. இந்த வயசுல ஓடி, விழுந்து, சண்ட போட்டு, அழுதுதாம்மா எல்லாம் வரும். வீட்டுல யாராவது அதட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே டீச்சர். பிறந்ததுலேருந்தே அமைதி" என்றாள் கூசாமல். சொன்ன பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது.

"அப்போ தினம் கொஞ்ச நேரம் நீங்களும் சேந்து குதிங்க. இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்."

தெருவில் லாரிகள் உரசிக்கொண்டு போகும். மைதானம் என்று ஒன்று அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. கீழே ஆள் இல்லாத நேரத்துக்காக ஒன்பது நாள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். பத்தாம் நாள் ஞாயிறு. வீட்டுக்காரர்கள் காலையிலேயே குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினார்கள்.

சட்டைக் கட்டுகளைச் சுவரோரம் தள்ளி, துணியில் குறி போடும் சாக்கட்டியால் மூன்று வட்டம் வரைந்தாள்.

"குதிடி கண்ணு."

"கீழ தூங்குறாங்க" என்று பஞ்சு கிசுகிசுத்தாள்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போய்ப் பூட்டைக் காட்டினாள். பஞ்சு பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். திரும்ப வந்து வட்டத்துக்குள் நிறுத்தினால், முழங்கால் மடிகிறது, குதிகால் எழும்புகிறது, விரல் நுனி மட்டும் தரையை விடமாட்டேன் என்கிறது. கெஞ்சினாள், முத்தம் தருவதாகச் சொன்னாள். எதுவும் நடக்கவில்லை.

சரி, நானே குதிக்கிறேன் என்று புடவையைத் தூக்கிச் செருகினாள். குதித்தாள். பரணில் பாத்திரங்கள் கடகடத்தன. எத்தனை வருஷமாயிற்று இப்படிக் குதித்து! அவளுக்கே சிரிப்பு வந்தது. இன்னொரு முறை குதித்தாள், இன்னும் பலமாக. மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால், வட்டத்தில் குழந்தையைக் காணோம்.

மூலையில் பஞ்சு ஒரு துண்டை விரித்துத் தன்னுடைய இரண்டு கவுன்களையும் சீப்பையும் அதில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"அப்பா வண்டி எடுத்துட்டு வரதுக்குள்ள கட்டணும்ல."

"எங்கயும் போகலடி. யாரும் இல்லடி கீழ. அம்மா சும்மா விளையாண்டேன்" என்று மண்டியிட்டுக் குழந்தையை இழுத்து அணைத்தாள். சத்தமாகவே அழுதாள். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பஞ்சு தன் உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். பிறகு காதருகே வந்து, மூச்சுக் காற்றளவே இருந்த குரலில் சொன்னாள்:

"அழாதம்மா. நான்தான் குதிச்சேன்னு சொல்லிடு."