ஈரக் கோட்டு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஸ்டெல்லா டீச்சர். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலையில் எங்கள் அரியூர் நாட்டுப் பள்ளிக்கு வந்தவர். பிரேம் லடாக்கிலிருந்து அனுப்பிய பூப்படங்களை என் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் வெச்சு அழகா ஒரு கதை எழுதுங்க தேன்மொழி. மனசு ஆறும்" என்றார்.

ஆறுவதற்காக எழுதவில்லை.

'நான்' என்று எழுதினால் பேனா தாளைக் கிழிக்கிறது. அதனால் இனிமேல் தேன்மொழி 'அவள்'. பிரேம் அவள் புருஷன். வடக்கே மலைச்சாலை போடும் கம்பெனியில் பொக்லைன் ஓட்டினான்.

2

ஜூன் மாதம் பனி உருகியதும் பாறையிடுக்குகளில் மஞ்சள் மலர்கள் புன்னகை—

(அடித்துவிட்டேன். பூ எதற்குப் புன்னகைக்க வேண்டும்?)

வேறு தொடக்கம். கொல்லிமலையில் கோடை மழை இரண்டு விழுந்தால் காட்டோரம் மண்ணைப் பிளந்துகொண்டு பூ வரும். வந்தால் குளிர் முடிந்தது. அன்றைக்கே கம்பளிகளைத் துவைத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். [இது இங்கே மட்டும் உண்மை.]

3

காலையில் போன்.

"தேனு, இங்கயும் பூ வந்துருச்சு. கோட்டத் துவச்சுப் பாறை மேல போட்டுட்டேன்."

"அப்பாடா. அந்த நாத்தம் இங்க வரைக்கும் அடிச்சுதுங்க."

"உன்ற கம்பளிய விடவா?"

அவள் சிரித்தாள். [சிரிப்பை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும். அவளுக்கும் அதே கணக்குத்தான் தெரியும்.]

4

மத்தியானம் கணவாயில் மண் சரிந்தது. மேற்பார்வையாளர் வெங்கடாசலம் பிரேமைப் பொக்லைனோடு போய் அள்ளச் சொன்னார். அங்கே பல கோடைகளைப் பார்த்தவர் அவர். பூ மேலேயே பனி கொட்டும் என்று தெரிந்தவர். சாயங்காலம் பனி வரும் என்ற எச்சரிக்கையும் காலையிலேயே அவருக்கு வந்திருந்தது. இவ்வளவையும் சொன்னவன் கூட வேலை பார்த்த அண்ணாமலை. மறுநாள் பொக்லைன் கதவை உடைத்துப் பிரேமை இறக்கியவனும் அவன்தான்.

சேந்தமங்கலத்தில் கம்பெனி ஆள் அவளிடம் சொன்னது வேறு. "பூவப் பாத்து ஏமாந்துட்டாருங்க. இயற்கைங்க, என்ன பண்றது?"

இந்தக் கதையில் இயற்கை குற்றவாளி இல்லை. பூ தன் வேலையைப் பார்த்தது. பனியும் தன் வேலையைப் பார்த்தது.

5

டீச்சர் ஒரு முடிவு சொன்னார்: பனி உருகுகிறது, அவன் விழுந்த இடத்தில் பூக்கள்—

டீச்சர், அவன் விழவில்லை. இருக்கையில் உட்கார்ந்தபடி, சட்டையோடு விறைத்துச் செத்தான். இரும்பில் பூ பூக்காது.

எனக்குத் தெரிந்த கடைசி வரி இதுதான்:

"சார், கோட்டு ஈரமா இருக்குதுங்க" என்றான் பிரேம்.

அடுத்தது வெங்கடாசலத்தின் முறை. 'அப்ப நாளைக்குப் போலாம், இரு.' அவ்வளவு சொல்லியிருந்தால் போதும். அண்ணாமலை பக்கத்திலேயே நின்றான். வெங்கடாசலத்தின் ஜீப்பின் கண்ணாடி மேலே ஏறிய சத்தம்தான் அவனுக்குக் கேட்டது.

அந்த வரியை நான் அவர் வாயில் வைக்க மாட்டேன். அழகான முடிவு வேண்டுமென்றால் நீங்கள் வையுங்கள். வைத்தால், பிரேமை வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பும் உங்களுடையது.