காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

பதினோரு ஆய்வுக் கட்டுரைகளும் தப்பு என்பது மலருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அதை நிரூபிக்கத்தான் நாலு மாதம் ஆனது.

மீனவக் குடும்பத்துப் பெண்களில் கழுத்துவலி, முதுகுவலி உள்ளவர்கள் மூன்று புள்ளி எட்டு சதவீதம் என்று பதினொன்றும் அடித்துச் சொல்லின. அதாவது நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லையாம். மலரின் அம்மா புஷ்பவல்லி விடியுமுன்னே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் இருபத்தைந்து வருஷமாக விற்கிறவள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. முழு உடம்போடும் திரும்புவாள். திருவொற்றியூரில் அவர்கள் குப்பத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் திரும்புவார்கள். நாலு பேராம், நாலு பேர்!

அந்தக் குப்பத்தில் எம்.ஃபில். வரை வந்த முதல் பெண் மலர். மீன் விற்கும் பெண்களின் வலியைப் பற்றித்தான் ஆராய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதல் அத்தியாயம், அதுவரை மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் படித்து எடைபோடுவது. அதை எழுதிக்கொண்டு போய்த் தன் வழிகாட்டி தாஹிரா மேடத்திடம் நீட்டினாள். மேடம் பொறுமையாகப் படித்துவிட்டு மூடினார்.

"ஜூலையில ஆய்வுக்குழு கூடுது. பதினோரு பேர் வலி இல்லைன்னு எழுதியிருக்கும்போது, இல்லாத வலிக்கு எதுக்கு ஆராய்ச்சின்னு முதல் கேள்வியே கேட்பாங்க. அவங்க ஒத்துக்கலைன்னா தலைப்பு போச்சு. இப்பவே வேற பாரு, மலர்."

"எங்க அம்மாவுக்கே இருக்கு, மேடம்."

"உங்க அம்மா ஆதாரம் இல்லம்மா. எங்கே தப்புன்னு அந்தக் கட்டுரைகளை வச்சே காட்டு, ஒத்துக்கறேன்."

பஸ்ஸில் ராயபுரம் வரும்வரை மேடத்தை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். காலடிப்பேட்டை தாண்டியபோது கோபம் ஆறிவிட்டது. வீட்டு வாசலை மிதிக்கும்போது மேடம் சொன்னது நியாயம் என்று பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளே ஆரம்பித்தாள். அந்த எண்ணை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தையும் துழாவினாள். பதினோராவது ஒன்பதாவதிலிருந்து எடுத்திருந்தது, ஒன்பதாவது ஆறாவதிலிருந்து. இப்படியே பின்னால் போய்ப் போய், எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டின: பதின்மூன்று வருஷத்துக்கு முன், 1990-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின் அறிக்கை. அதை எடுத்த அமைப்பையே மூடிவிட்டார்கள். நூலகம் நூலகமாக அலைந்து, கடைசியில் ஓர் இடத்தில், கீழ்த்தட்டில், தூசியோடு அந்த சைக்ளோஸ்டைல் பிரதியைக் கண்டுபிடித்தாள்.

பதினொன்றிலும் 'பக்கம் 46' என்று குறிப்பு இருந்தது. அறிக்கையில் மொத்தமே முப்பத்தெட்டுப் பக்கம். ஆக, ஒரு மகானுபாவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை!

திறந்தாள். கணக்கெடுத்த இடம் அவளுடைய குப்பமேதான். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: பேட்டி எடுத்த நேரம் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பெண் வீட்டில் இல்லாவிட்டால் அவளுக்காகக் குடும்பத் தலைவர் பதில் சொன்னார். மலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நூலகர் முறைத்தார். காலை ஒன்பது மணிக்கு எந்த மீன்காரி வீட்டில் இருப்பாள்?

அன்று சாயங்காலம் அவளுடைய அப்பா தண்டபாணி வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"நைனா, நான் சின்னப் புள்ளயா இருக்க சொல்லோ யாருனா வந்து வூடு வூடா கேள்வி கேட்டாங்களா?"

"ஆமா, ரெண்டு பேரு வந்தாங்கோ. டீகூட வாங்கிக் குடுத்தேன். உன் சம்சாரத்துக்கு கய்த்து வலி, முதுகு வலி எதுனா கீதான்னு கேட்டாங்கோ. அவளுக்கு இன்னா, இரும்பாட்டம் கீறான்னு சொன்னேன்."

"இன்னாத்துக்கு நைனா அப்டி சொன்னே?"

"பின்ன? வெளியாளுகிட்ட போயி என் பொண்டாட்டிய சீக்காளின்னு சொல்லச் சொல்றியா? தெருவுல எல்லாருந்தான் சொன்னானுங்கோ, என் பொண்டாட்டி ரெண்டு கூடை தூக்குவா, மூணு கூடை தூக்குவான்னு."

மலருக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, அவர்மேல் கொஞ்சம் பிரியமாகவும் இருந்தது. தெரு முழுக்க ஆண்கள் தங்கள் பெண்டாட்டிகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டதைத்தான் பதினோரு அறிஞர்கள் பதின்மூன்று வருஷமாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நைனாவும் ஆதாரம் இல்லை. அட்டவணைகளை மறுபடி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பதினேழாம் பக்கத்தில், யாரும் சீந்தாத ஒரு சின்னக் கட்டத்தில், விஷயம் உட்கார்ந்திருந்தது.

ஜூலையில் குழு கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். மலர் பதினேழாம் பக்கத்தை விரித்து வைத்தாள்.

"மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு வீடு. அதுல நூத்தித் தொண்ணூத்தஞ்சு வீட்ல ஆம்பளைங்க பதில் சொல்லியிருக்காங்க. ஒருத்தர்கூட வலி இருக்குன்னு சொல்லலை. பதினேழு வீட்லதான் பொம்பளைங்க தானே பேசியிருக்காங்க. அந்தப் பதினேழுல எட்டு பேர் வலி இருக்குன்னு சொன்னாங்க. அந்த எட்டை இருநூத்திப் பன்னிரண்டால வகுத்தா, மூணு புள்ளி எட்டு."

சுப்பராயன் என்ற மூத்த உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வலியினால வேலைக்குப் போகாதவங்கதான் அந்த நேரத்துல வீட்ல இருந்திருப்பாங்க. அப்போ உன்னோட எட்டும் சரியான கணக்கு இல்லையே?"

"இருக்கலாம் சார். அதனாலதான் திரும்பக் கேட்கணும்னு சொல்றேன். இந்தத் தடவை பொம்பளைங்க வீட்ல இருக்கற நேரத்துல, பொம்பளைங்களையே."

சுப்பராயன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தாஹிரா மேடம் நிமிர்ந்து உட்கார்ந்து, "என் மாணவி" என்றார், யாரும் கேட்காமலே.

மலர் வீடு வந்து சேரவும் புஷ்பவல்லி கூடையோடு வரவும் சரியாக இருந்தது. கூடையை இறக்கிவிடுவது எப்போதும் மலரின் வேலை. அன்று தண்டபாணி முந்திக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கி இறக்கியவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கூடையையே பார்த்துக் கேட்டார்.

"புஷ்பா, கய்த்து வலிக்குதா?"

புஷ்பவல்லி முழு உடம்போடும் அவர் பக்கம் திரும்பினாள். "இருபத்தஞ்சு வருசம் கய்ச்சி கேக்குறியா? வலிக்குது. நல்லா வலிக்குது."

மலர் நடந்ததையெல்லாம் சொன்னாள். குழு ஒத்துக்கொண்டது, குப்பம் முழுக்கப் பெண்களைக் கேட்கப் போவது, பெற்றவளைச் சேர்த்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அம்மாவை மட்டும் கேட்க முடியாது என்பது. கடைசிச் செய்தியைக் கேட்டு அம்மாவின் முகம் வாடிப்போனது. ஆனால் ஒரு நிமிஷம்தான். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தெருநடுவில் போய் நின்றாள். கூவிக் கூவி மீன் விற்ற குரல் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

"அடியே, எல்லாரும் கேட்டுக்கோங்க! நாளிக்கி மூணு மணிக்கு எம் பொண்ணு எயுதிக்கினு போக வருவா. வூட்ல இருங்க. புருசன வாயத் தொறக்க வுடாதீங்க, நீங்களே சொல்லுங்க!"