அம்மாவின் பாட்டும் சூப்புத் தட்டும்

ஃபாடு என்னும் அந்த ஊர்ச் சோகப் பாட்டைப் பாட ஆரம்பித்தால் லிஸ்பனின் அல்ஃபாமா பேட்டையில் கரண்டிகூட அசையாது. விளக்கைத் தணிப்பார்கள். பரிமாறுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்பார். இடாலினாவின் சாப்பாட்டுக்கடையில் அம்மா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அதை நம்பித்தான் அண்ணன் செஃபெரினோ துறைமுக வேலை முடிந்ததும் வந்து, காசு வாங்காமல் பாடிக்கொண்டிருந்தான்.

அதற்கு உலை வைக்க வந்தவன் நோர்பெர்ட்டோ. கப்பல் பயணிகளுக்கு ஊர் காட்டுகிறவன். வாய் நிறையச் சிரிப்பான், கண்ணு மட்டும் சிரிக்காது.

"அக்கா, கப்பல் இருட்டறதுக்குள்ள கிளம்பிடும். பாட்டு பாட்டுக்கு நடக்கட்டும், சாப்பாடு பாட்டுக்கு ஓடட்டும். முடியாதுன்னா சொல்லிடுங்க, பக்கத்துத் தெருவுல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

இடாலினா வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் பாதி வீடுகள் விடுதிகளாகிவிட்டன. பழைய வாடிக்கைக்காரர்கள் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறிவிட்டார்கள். இந்தக் கூட்டமும் வராவிட்டால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

தலையாட்டிவிட்டாள். பாடும்போதே பரிமாறப்போவதை விட்டுவிட்டு, அண்ணனிடம் பாதியைத்தான் சொன்னாள்.

"கப்பல்காரங்க வர்றாங்க அண்ணே. சத்தம் போட்டாலும் கோவிச்சுக்காத. வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியலன்னா போகுது. உனக்குத் தெரியும்ல? நீ பாத்துக்க."

"பாத்துக்கறேன்" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

கூட்டம் வந்து உட்கார்ந்தது. கிதார் தொடங்கியது. செஃபெரினோ கண்ணை மூடினான். அவன் எடுத்தது அம்மாவின் பாட்டு, கடலுக்குப் போன மகனுக்காகப் படித்துறையில் காத்திருப்பவளின் பாட்டு. அம்மா போன பிறகு அதை அவன் வாய் திறந்து பாடியதே இல்லை. பாவி மனுஷன், இன்றைக்குப் பார்த்தா பாட வேண்டும்!

வாசலில் நோர்பெர்ட்டோ கையால் அவசரப்படுத்தினான். இடாலினா முட்டைக்கோஸ் சூப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு மேசையாகத் தட்டை வைத்தாள், கரண்டியை வைத்தாள், ரொட்டிக் கூடையை நகர்த்தினாள்.

ஒரு மேசையில் வெள்ளைத் தலைமுடிக்காரி ஒருத்தி அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

இடாலினா நிமிர்ந்து பார்த்தாள். ஒருவரும் சாப்பிடவில்லை. சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. சிலர் கண் கலங்கியிருந்தார்கள். கடையிலேயே தட்டும் கரண்டியுமாகச் சத்தம் போட்டது அவள் ஒருத்திதான். அவமானத்தில் காது வரை சுட்டது.

செஃபெரினோ பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தான். கைதட்டல் கடையைத் தூக்கியது.

"பிரமாதம் அக்கா! இனிமே எல்லாக் கப்பலும் இங்கதான்" என்றான் நோர்பெர்ட்டோ.

செஃபெரினோ கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அண்ணே, அவங்கதான் அவசரமா..."

"அவங்க பாட்டைக் கேட்டாங்க, இடா. வெளியூர்க்காரங்க கேட்டாங்க."

"நாளைக்கு வருவேல்ல?"

"சூப்பு ஆறுது, பாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அவள் கையில் இன்னும் ஒரு தட்டு மிச்சமிருந்தது. சத்தம் வராமல் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.