வேகத்தடையில் முனகிய அமரர் ஊர்தி

என் பட்டறை வாசலில் தொங்கும் பலகையில் 'பொறுமை ஃபிட்டிங் கடை' என்று எழுதியிருக்கும். எங்கள் பட்டறைப் பேட்டையான சுவாமேயில் இருக்கிற பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துச் சிரித்தவர்கள்தான். யாவ் டொங்கோர் என்கிற எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது கானாவின் குமாசி நகரம் முழுக்கத் தெரியும். ஆனால் டொங்கோர் கை வைத்த வண்டி சத்தம் போடாது என்பதும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவது அந்த இரண்டாவது பேர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை க்வாசி நிமாக்கோ என்கிற ஒல்லிப்பிச்சான் மனிதர் துக்கத்துக்கான கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"ஃபிட்டர் அண்ணே, போன வியாழக்கிழமை போன்சுவோட பொண வண்டிக்கு வேலை பாத்தது நீங்கதானே?"

"ஆமா. பின்னாடி ஸ்பிரிங் பட்டைக்கு ரப்பர் புஷ் மாத்துனேன். எட்டும் புதுசு. அதுக்கென்ன இப்போ?"

"அந்த வண்டியால ஊரே என்னைக் கொலைகாரன்னு சொல்லுது."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை அவருடைய தாய்மாமன் அக்கென்டெனைச் சவக்கிடங்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். நிமாக்கோ வீட்டு வாசலைத் தாண்டும்போது வண்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு முனகல். மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். மாமனின் தங்கை செர்வாம்மா தெருவில் உட்கார்ந்து, "அண்ணே! யாருன்னு காட்டிட்டியா!" என்று அலறியிருக்கிறாள். அந்தக் காலத்தில் பிணத்தைத் தலையில் சுமந்து போவார்கள். கொன்றவன் வாசல் வந்தால் பிணமே முட்டிக்கொண்டு நிற்குமாம். இப்போது பிணம் வண்டியில் போகிறது, அதனால் வண்டி சொல்லிவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

"மாமா எப்படிச் செத்தாரு?"

"எண்பத்தாறு வயசுண்ணே. சக்கரை, கொதிப்பு, மூட்டு வலி எல்லாம் இருந்துச்சு. நான் எதுக்குக் கொல்லணும்? கொஞ்சம் பொறுத்தாலே போதுமே!"

"இதை வேற யார்கிட்டயும் இப்படிச் சொல்லித் தொலைக்காதீங்க" என்றேன்.

எங்கள் வழக்கப்படி மாமன் சொத்து அக்கா தங்கை மகனுக்குத்தான். மூத்த அக்கா மகன் என்ற முறையில் வீடும் கோகோ தோட்டமும் நிமாக்கோவுக்கு வரவேண்டும். செர்வாம்மாவுக்கும் ஒரு மகன் இருக்கிறான். வரும் சனிக்கிழமை குடும்பம் கூடி வாரிசைச் சொல்லப் போகிறது. வாரிசாகாவிட்டாலும் போகட்டும், மாமனைத் தின்றவன் என்ற பேரோடு எந்தத் தெருவில் குடியிருப்பது என்று கேட்டார்.

"உங்க வாசல்ல மேடு ஏதாச்சும் இருக்கா?"

"வேகத்தடை இருக்கு. நான்தான் சிமெண்ட் வச்சுக் கட்டுனேன். கோழிங்க அடிபடுதுன்னு."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ரப்பர் புஷ்ஷின் நட்டை, சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், பாரம் ஏறியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு முனகும். தொழிலுக்கு வந்த முதல் மாதம் கற்றுக்கொள்கிற பாடம் இது. ஆனால் அந்த வியாழக்கிழமை, வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு மத்தியானச் சாப்பாடாக மரவள்ளிக்கிழங்கை இடித்துச் செய்த ஃபூஃபூ களி வந்துவிட்டது. சூடான சூப்போடு. ஃபூஃபூ ஆறினால் தொண்டையில் இறங்காது. எட்டு நட்டையும் அந்தரத்திலேயே இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இதையெல்லாம் நிமாக்கோவிடம் சொன்னேனா? "காத்தா இருக்கும்" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் விடவில்லை. மறுநாள் போன்சுவையும் வண்டியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெறும் வண்டியைப் பள்ளம், மேடு, ரயில் தண்டவாளம் எல்லாவற்றிலும் ஓட்டினோம். ஒரு சத்தமும் இல்லை. பின்பக்கத்தை ஏறி மிதித்து ஆட்ட ஆள் கேட்டேன். பக்கத்துப் பட்டறை வெல்டர், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணே" என்று சொல்லி ஷட்டரை இறக்கினான்.

போன்சு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "என் வண்டில குத்தமே இல்ல. அது உள்ளதைச் சொல்லிருக்கு."

நிமாக்கோ என் டூல் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார். பெரிய மனிதர் சத்தமில்லாமல் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் மேலேயே வந்த கோபத்தை அவர் மேல் காட்டினேன். "எழுந்திருய்யா! காலி வண்டி எப்படி முனகும்? பாரம் ஏத்தணும். சனிக்கிழமை உங்க குடும்பத்துக்கு முன்னாடியே ஏத்திக் காட்டுறேன்."

சனிக்கிழமை காலை குடும்பமே தெருவில் கூடியிருந்தது. ஆறு மூட்டை கருணைக்கிழங்கு ஏற்றினோம். போன்சு வேகத்தடையில் ஏற்றி இறக்கினான். க்ரீஈஈச் என்று நீளமாக ஒரு முனகல். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"கேட்டீங்களா? கிழங்குக்கும் முனகுது! வெறும் ரப்பர் சத்தம் இது!" என்றேன்.

செர்வாம்மா முன்னால் வந்தாள். கடவுள் தாராளமாகப் படைத்த உடம்பு. "யார் தோட்டத்துக் கிழங்கு இது?"

நிமாக்கோ வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "மாமா தோட்டத்துது சின்னம்மா" என்றார்.

"பாத்தீங்களா! அண்ணன் மண்ணே சாட்சி சொல்லுது!"

கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை மென்றுவிடுவேன் போலிருந்தது.

"கிழங்கு வேணாம். சம்பந்தமில்லாத பாரம் ஏத்துவோம். யார் ஏர்றீங்க?"

ஒருவரும் அசையவில்லை. ஒரு கிழவர், "எனக்கு அதுல ஏர்றதுக்கு இன்னும் நாள் இருக்குப்பா" என்றார்.

"செர்வாம்மா, நீங்க ஏறுங்க" என்றேன். "அண்ணனுக்கு நிமாக்கோ மேலதானே கோவம்? உங்களுக்காக எதுக்கு முனகப் போறாரு? நீங்க ஏறியும் முனகலன்னா நான் கடையை மூடிட்டுப் போறேன்."

பின்வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? அவள் துணியை இறுக்கிக் கட்டினாள். தனியாக ஏற மாட்டேன் என்று, தேவாலயத்து மகளிர் சங்கத் தோழிகள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டாள். சங்கத்தில் நோஞ்சான் என்று யாரும் கிடையாது. ஐந்து பேரும் ஜெபப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள்.

"போன்சு, நிமாக்கோ வீட்டுப் பக்கம் போகாதே. இடது பக்கம் திருப்பு" என்றேன்.

இடது பக்கத்தில் செர்வாம்மாவின் வீடு. வாசலுக்கு நேராகத் தெருவைக் குறுக்கே வெட்டிப் போகிற சாக்கடைப் பள்ளம். பின்சக்கரம் இறங்கும்போது ஒரு தடவை முனகியது. ஏறும்போது இன்னொரு தடவை.

பாட்டு பாதியில் நின்றது. கதவு திறந்து நாலு தோழிகளும் குதித்தார்கள். எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி செர்வா, அவன் வாசல்ல ஒரு தடவைதான். உன் வாசல்ல உங்கண்ணன் ரெண்டு தடவை சொல்றாரே!" என்றாள்.

கூட்டம் இப்போது செர்வாம்மாவைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"ஃபிட்டர்! வாயில என்ன கொழுக்கட்டையா? ரப்பர்னு சொல்லுய்யா!"

நான் வாயைத் திறக்காவிட்டால் பழி அவள் மேல் போகும், என் பேர் பிழைக்கும். ஆனால் நிமாக்கோவின் முகத்தில் இருந்த அதே பயம் இப்போது அவள் முகத்திலும் இருந்தது. இரண்டையும் உண்டாக்கியது என் வயிறு.

"ரப்பர்தான்" என்றேன். "தப்பு வண்டியோடது இல்ல, செத்தவரோடது இல்ல, என்னோடது. தரையில நிறுத்தி இறுக்க வேண்டிய நட்டைத் தொங்கும்போதே இறுக்கிட்டேன். ஃபூஃபூ வந்துடுச்சுன்னு."

சுவாமேயின் டொங்கோர் சொன்ன வார்த்தை இது. தெருவே வாய் பிளந்தது.

ஐந்து பெண்களையும் திரும்ப உள்ளே உட்காரச் சொன்னேன். வண்டிக்கு அடியில் புகுந்து எட்டு நட்டையும் தளர்த்தினேன். தலைக்கு மேலே ரப்பர் ஒவ்வொன்றாகப் 'பொட்'டென்று தன் இடத்துக்குத் திரும்பியது. அப்படியே பாரத்தோடு இறுக்கினேன். போன்சு பள்ளத்தில் இறக்கி ஏற்றினான். சத்தமில்லை. நிமாக்கோவின் வேகத்தடை மேல் மூன்று தடவை ஓட்டினான். கோழி கொக்கரித்ததுதான் கேட்டது.

"ரப்பர்! நான் அன்னிக்கே நெனச்சேன்!" என்று எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது செர்வாம்மாதான். மத்தியானம் குடும்பத் தலைவர் முன்னோர்களுக்கு மதுவைத் தரையில் ஊற்றி, வாரிசாக நிமாக்கோவின் பேரைச் சொன்னார். நிமாக்கோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வேகத்தடைக்குக் காரணமான கோழிகளில் இரண்டைக் கையில் கொடுத்தார்.

என் பேர் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். இப்போது நான் ஸ்பேனரை எடுத்தாலே நாலு பட்டறையிலிருந்து, "டொங்கோர், ஃபூஃபூ வந்துடுச்சா?" என்று குரல் வருகிறது.

மூன்று வாரம் கழித்துச் செர்வாம்மா பட்டறைக்கு வந்தாள். அவளுக்கு வண்டி ஏது? ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"ஃபிட்டர், அந்த நட்டைத் திரும்பவும் பழையபடி முறுக்க முடியுமா?"

"எதுக்கும்மா?"

"இப்ப வேணாம். நான் போய்ச் சேர்ற அன்னிக்கு. என்னையும் நிமாக்கோ வீட்டு வழியாத்தான் கொண்டு போவாங்க."

"அம்மா, அது ரப்பர்னு உங்க கண்ணாலயே பாத்தீங்களே!"

"பாத்தேன். ரப்பர்தான். யாரு இல்லன்னா?" எழுந்து துணியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அன்னிக்கு நீ நட்டை இறுக்குற நேரத்துக்குச் சரியா ஃபூஃபூ வந்துடும். என் மகன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."